திட்டிவாசல்

தளபதி வில்லவராயன் தம் குருவைவிட வயதில் மூத்தவர். தலை நரைத்த பிறகு பாடம் கேட்க வந்தவர் என்பதால், அவ்வப்போது குருவையே அதட்டிப் பார்ப்பார். அன்று அதட்ட வரவில்லை, ஆசி கேட்டு வந்திருந்தார்.

சந்தை நாளில் தானியக் கிடங்கை வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள். செத்தவர்களில் தளபதியின் தங்கை மகனும் ஒருவன். செய்தவர்கள் எதிரி நாட்டார் அல்ல. கோட்டைக்கு வெளியே கீழைத்தெருவில் பிறந்து, இதே ஊர்க் குளத்தில் நீந்திப் பழகிய பையன்கள். மூவர் பிடிபட்டுவிட்டார்கள். நான்காமவன் மீதி வெடிமருந்தோடு எங்கோ பதுங்கியிருந்தான். மறுநாள் தேர்த் திருவிழா.

"முரசு அடிச்சதும் படையோட கீழைத்தெருவுக்குள்ள போறேன். மீசை முளைச்ச ஒருத்தனையும் விடமாட்டேன். ஆசி கொடுங்க, ஐயா."

குரு ஆதனாரின் மடம் கோட்டை வாசலை ஒட்டி இருந்தது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு பேரும் எப்படி அகப்பட்டாங்க?"

"ஒரு பொம்பளை வந்து சொன்னா. அதுல ஒருத்தன் அவ பெத்த பிள்ளை."

"எந்த வழியா வந்தா?"

தளபதி தயங்கினார். "திட்டிவாசல் வழியா."

பெரிய கதவுக்குள் குனிந்து நுழையும்படி இருந்த சின்னக் கதவு அது. முறையிட வருகிறவர்களுக்காக அதைத் தாழிடுவதில்லை. யாராவது குனிந்து நுழைந்தால் காவலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். முகம் பார்க்கக் கூடாது, பேர் கேட்கக் கூடாது. அந்த ஊரின் பழைய வழக்கம்.

"இப்ப அந்தக் கதவு?"

"ஆணி அடிச்சுட்டேன். குனிஞ்சு வர்றவன் மடியில வெடிமருந்து இருந்தா?"

"இருக்கலாம்," என்றார் குரு. "அந்தப் பொம்பளைக்கு வேற பிள்ளை உண்டா?"

"ஒருத்தன் இருக்கான். அவனையும் சிறையில போட்டிருக்கேன். அண்ணன் புத்திதானே தம்பிக்கும் இருக்கும்?"

குரு மறுபடி வாசல் பக்கம் பார்த்தார். தளபதிக்கு ஆத்திரம் பொங்கியது.

"செத்தது என் தங்கச்சி மகன், ஐயா! தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை. கையில அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தேன் அவகிட்ட. இப்பவும் பொறுமையா இருன்னுதான் சொல்லப் போறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அப்போது சின்னக் கதவை யாரோ தட்டினார்கள். மெல்லத்தான் தட்டினார்கள். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினார்கள். காவலன் ஏதோ அதட்டுவது கேட்டது. பிறகு சத்தமில்லை.

தளபதி எழுந்து ஓடினார். "யார்ரா அது?"

"யாரோ ஒரு பொம்பளை, எசமான். முக்காடு போட்டிருந்தா. 'நாளைக்குத் தேர் ஓட்டாதீங்க, தளபதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்'னா. இது ஆணி அடிச்ச கதவு, பெரிய வாசலுக்கு வந்து பேரும் தெருவும் சொல்லுன்னேன். போயிட்டா."

தளபதி காவலனை விலக்கினார். கடப்பாரையை வாங்கி அவரே ஆணிகளைப் பெயர்த்தார். கதவைத் திறந்து பார்த்தபோது வெளியே வெயில் சாய்ந்த வெறும் பாதைதான் இருந்தது.

குரு பின்னால் வந்து நின்றார்.

"போச்சே, ஐயா. கைக்கு எட்டுனது போச்சே. இனிமே அவளை எங்க போய்த் தேடுவேன்? முரசு அடிக்கிற நேரம் வேற ஆச்சு. படை காத்திருக்கு. என்ன செய்யட்டும்?"

"சிறையில இருக்கிற அந்தத் தம்பிப் பையன் இந்த ஊருக்குள்ள என்ன தப்பு செஞ்சான்?"

தளபதி தலைகுனிந்தார். காவலனைக் கூப்பிட்டார். "அந்தத் தம்பிப் பையனை விட்டுடு. இந்தக் கதவு வழியாவே வீட்டுக்கு அனுப்பு, கதவு திறந்தது தெருவுக்குத் தெரியட்டும். படை இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், முரசு வேண்டாம்னு சொல்லு."

பையன் வந்தான். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் குனிந்து வெளியேறினான். கதவு திறந்தபடியே கிடந்தது.

"அவ வரலேன்னா, ஐயா? வேற எவனாவது வந்தா?"

குரு காவலனின் இடத்தைக் காட்டினார்.

"சுவரைப் பார்த்து நில்லு."

தளபதி வாளைக் கழற்றி வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அவருக்குப் பின்னால் யாரோ குனிந்து நுழையும் அரவம் கேட்டது.

தளபதி திரும்பவில்லை.