திரும்பிப் பார்க்காத பொந்துகள்

ஒரு காட்டில், ஆண்டுக்கொரு பொந்து குடைவதே வேலையாக ஒரு மரங்கொத்தி வாழ்ந்து வந்தது. குஞ்சுகள் பறந்து போனதும் அதுவும் பொந்தை விட்டுக் கிளம்பிவிடும். அடுத்த ஆண்டு வேறு மரம், வேறு பொந்து. பழையதைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதன் குலத்திலேயே கிடையாது.

ஒரு நாள் காலை அது தலை அதிரக் கொத்திக்கொண்டிருந்தபோது, மரத்தடியில் மயில் வந்து நின்றது.

"காது வலிக்கிறதப்பா. இது எத்தனையாவது ஓட்டை?"

"ஒன்பதாவது."

"முந்தைய எட்டும் என்ன ஆயின?"

மரங்கொத்தி யோசித்தது. "தெரியாது. விட்டுவிட்டு வந்துவிட்டேன்."

"நான் தோகையை விரித்தால் காடே கூடுகிறது. நீ மண்டை நோக மரத்தைக் குடைந்து, அதையும் போட்டுவிட்டு வருகிறாய். நல்ல பிழைப்பு."

மயில் போய்விட்டது. அது சொன்னது போகவில்லை. பாதி குடைந்த பொந்தை அப்படியே விட்டுவிட்டு, மரங்கொத்தி கிளையில் சும்மா உட்கார்ந்தது. நான்காம் நாள், யாரும் பார்க்காத நேரமாகத் தன் குட்டை வாலை விரித்து ஆடிப் பார்த்தது. கிளையிலிருந்து வழுக்கியதுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் ஒரு பெண் கிளி வந்தது.

"அண்ணா, ஏன் சத்தத்தையே காணோம்?"

"தொழிலை விட்டுவிட்டேன்."

"இப்போது பார்த்தா விடுவீர்கள்? நான் இருந்த மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. இன்னும் மூன்று நாளில் முட்டையிட வேண்டும். தரையில் இட்டால் பாம்புக்குத்தான் விருந்து."

"என் பழைய பொந்துகள் எத்தனையோ சும்மா கிடக்கின்றன. ஒன்றில் போய் இரு."

"சும்மா கிடக்கின்றனவா?" என்றது கிளி. "போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

மரங்கொத்தி பறந்து போய், நாவல் மரத்தில் தான் முன்பு குடைந்த பொந்தின் வாசலைத் தட்டியது. ஓர் அணில் தலையை நீட்டியது.

"மெதுவாக. குட்டிகள் தூங்குகின்றன. யார் நீ?"

"இதைக் குடைந்தவன்."

"நீதானா? இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை." அணில் சற்று யோசித்து, "வாசல்தான் கொஞ்சம் சிறிது," என்றது.

வேங்கை மரத்துப் பொந்தில் மைனா இருந்தது. இலுப்பை மரத்துப் பொந்திலிருந்து ஆந்தை முறைத்தது. எட்டில் ஏழு பொந்துகளில் ஆள் இருந்தது. எட்டாவது, சாய்ந்து கிடந்த மரத்தில் இருந்தது. அதற்குள் ஒரு பச்சை இறகு ஒட்டியிருந்தது.

மரங்கொத்தி அந்த இறகைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கொத்தத் தொடங்கியது. மூன்றாம் நாள் பொந்து தயாரானது. கிளி கொஞ்சம் பருமன் என்பதால், வாசலை இந்த முறை ஒரு விரற்கடை அகலமாக வைத்திருந்தது.

மறுவாரம் மயில் அந்தப் பக்கம் வந்தபோது, பக்கத்து மரத்தில் மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடியுமா? இது எத்தனையாவது?"

"பத்தாவது. இது எனக்கு."

"ஒன்பதாவது என்ன ஆயிற்று?"

"அதில் நான்கு முட்டைகள் இருக்கின்றன," என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி வேலையைத் தொடர்ந்தது.

நீதி: தாம் செய்த பொருள் யாருக்குப் பயன்படுகிறது என்று போய்ப் பார்த்தவருக்கு, தம் தொழிலின் மதிப்பைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.