மூன்றாவது பாட்டில் விட்டுப்போன அடி

"டீச்சர், எனக்கு அலுத்துப்போச்சு. டிரம்ஸை வித்துடலாம்னு இருக்கேன்."

வேதவல்லி மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி உறைக்குள் கடம். சபாவில் நாலு மணிக் கச்சேரி தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"போன மாசம் ஆல்பம் வரலையே."

எபனேசருக்கு ஐம்பத்தெட்டு வயது. 'ஏழரை' என்ற ஜாஸ் ஃப்யூஷன் குழுவின் டிரம்மர், தலைவரும் அவரே. வேதவல்லி அவரைவிட ஆறு வயது இளையவர். தாளம் கற்றுக்கொள்ள முப்பத்தைந்து வயதில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார் எபனேசர். அன்றிலிருந்து அவர் டீச்சர்தான்.

இருபது வருடமாக ஏழரை, ஒன்பதரை என்று யாராலும் கூடத் தட்ட முடியாத தாளங்களை வாசித்த குழு, இந்த வருடம் டிஸ்கோ ஆல்பம் போட்டது. ஏழு பாட்டு. தும், தும், தும், தும் என்று ஒரே சீரான அடி. பதினொரு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இணையத்தில் அபிப்பிராயம் எழுதிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"படிங்க," என்றார் வேதவல்லி.

எபனேசர் கைபேசியை எடுத்தார்.

"'ஏழரை இப்போ கல்யாண மண்டப பேண்டு ஆயிடுச்சு.'"

"ம்."

"'என் பொண்ணு முதல் தடவையா உங்க பாட்டுக்கு ஆடினா, நன்றி.' அதுக்குக் கீழேயே ஒருத்தர், 'குழந்தைங்க ஆடுறதுக்கா இத்தனை வருஷம் வாசிச்சீங்க?'"

"ம்."

"'பேஸ் கிட்டார் அருமை, பாக்கியெல்லாம் தூக்கம்.' 'பேஸ் கிட்டாரை எடுத்துட்டா நல்ல ஆல்பம்.'"

வேதவல்லி இடது கைக்கு மாறினார்.

எபனேசரின் குரல் இறங்கியது.

"இவருதான் டீச்சர் என்னைக் கொன்னுட்டாரு. ஒத்தை நட்சத்திரம். 'மூணாவது பாட்டு, ரெண்டாவது நிமிஷம். டிரம்மர் ஒரு அடியை விட்டுடறார். எத்தனை தடவை கேட்டாலும் அதே இடத்துல விடறார். வயசாயிடுச்சு. ஓய்வு எடுத்துக்கட்டும்.'"

பதிவு செய்த பாட்டு என்றால் எத்தனை தடவை கேட்டாலும் அதே இடத்தில்தான் விடும். வேறு நாளாக இருந்தால் எபனேசரே இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"ஆல்பத்தை இணையத்துலேருந்து எடுத்துடலாம்ங்கறான் நம்ம கிட்டார் ஜெரால்டு. ஏழு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும். எடுத்துட்டா குழுவும் அதோட சரி. நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு ஆல்பம்?"

"நான் இன்னும் கேக்கலை."

எபனேசருக்கு அது வலித்தது. முகத்திலேயே தெரிந்தது.

வேதவல்லி கடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னிக்கு நீங்க ஹாலுக்கு வரவேண்டாம். கேன்டீன்ல உக்காருங்க. என் தனியைப் பத்தி ஜனங்க என்ன அபிப்பிராயம் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

*

கச்சேரியின் நடுவே பாட்டு நின்று, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நேரம் தனி. சபாக்காரர்களுக்கு அது போண்டா நேரமும்கூட.

ஐந்தே முக்காலுக்குக் கேன்டீன் மூலையிலிருந்த ஒலிபெருக்கியில் மிருதங்கம் தொடங்கியது. ஹாலின் கதவு திறந்தது. பத்துப் பேர், இருபது பேர், பிறகு பட்டுப்புடவைகளும் ஜிப்பாக்களுமாக ஒரு கூட்டமே வந்து நாற்காலிகளைப் பிடித்தது.

"ரவா தோசை நாலு!"

"போண்டா சூடா இருக்கா, காலைல போட்டதா?"

ஒலிபெருக்கியில் கடம் வந்தது. எபனேசர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே ஒரு பெரியவர், மருமகளின் ஊர், மருமகளின் வேலை, மருமகளின் வாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் சட்னியைப் பற்றிப் பேச்சு. மேலே வேதவல்லியின் விரல்கள் மண்பானையில் என்னென்னவோ அதிசயம் செய்துகொண்டிருந்தன. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

எபனேசருக்கு அழுகை வரும்போல் இருந்தது. நாற்பது வருடமாக இவர் இந்த முதுகுகளுக்கா வாசிக்கிறார் என்று நினைத்தார்.

பிறகு சாப்பிட்டவர்கள் எழுந்தார்கள், கை கழுவினார்கள், உள்ளே போனார்கள்.

*

கச்சேரி முடிந்ததும் எபனேசர் மேடைக்குப் பின்னால் போனார். வேதவல்லி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"வேண்டாம் டீச்சர்."

"சொல்லுங்க."

"சட்னில உப்பு ஜாஸ்தின்னாங்க." எபனேசரால் அடக்க முடியவில்லை. "ஒருத்தர்கூடக் கேக்கலை டீச்சர்! ஒருத்தர்கூட! உங்களுக்குக் கோபமே வரலையா?"

"முன்னெல்லாம் வரும்." வேதவல்லி விரல்களை நீவிக்கொண்டார். "எப்ப எழுந்தாங்க?"

"சாப்பிட்டு முடிச்சதும்."

"எல்லாரும் ஒரே நேரத்துலயா சாப்பிட்டு முடிச்சாங்க?"

எபனேசர் யோசித்தார்.

இல்லை. பெரியவரின் தட்டில் பாதி போண்டா கிடந்தது. மருமகள் கதை பாதி வாக்கியத்தில் நின்றது. கொதிக்கிற காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்தார். அந்த நொடியில்தான் அத்தனை நாற்காலிகளும் தரையில் இழுபட்டன. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மணியும் அடிக்கவில்லை.

அந்த நொடியில் ஒலிபெருக்கியில் என்ன கேட்டது?

"மோரா," என்றார் எபனேசர் மெல்ல. தனி முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாக வாசிக்கும் சொற்கட்டு அது. "நீங்க மோரா தொடங்கினதும் எழுந்தாங்க."

வேதவல்லி கடத்தைத் துடைத்து உறைக்குள் வைத்தார்.

கைபேசி அடித்தது. ஏழாக ஐந்து நிமிடம்.

"அண்ணே, எடுத்துடட்டுமா?" என்றான் ஜெரால்டு.

எபனேசர் அந்த ஒற்றை நட்சத்திரக்காரரின் வரிகளை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார். மூன்றாவது பாட்டு. இரண்டாவது நிமிடம்.

அந்த அடியை அவர் வேண்டுமென்றேதான் விட்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கூட வாசித்த நாலு பேரும் இன்றுவரை அதைக் கவனிக்கவில்லை.

எத்தனை தடவை கேட்டாலும், என்று எழுதியிருந்தார் அந்த மனிதர்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"எடுக்காதடா," என்றார் எபனேசர். "ஒருத்தர் இன்னும் கேட்டுக்கிட்டிருக்காரு."