பன்றிக்குப் பின்னால்

கோட்டைச்சாமி முப்பத்தோரு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு மலைமேல் செங்கானலில் நாலு ஏக்கர் வாங்கி, பாதியில் ஏலமும் பாதியில் மரவள்ளியும் போட்டார். கிழங்கு பிடித்த முதல் வருஷமே காட்டுப்பன்றி வந்துவிட்டது. மூன்றாம் வருஷம், களை எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பாக்கியத்தாயின் தொடையைக் கிழித்துவிட்டு ஓடியது. இருபத்திரண்டு தையல்.

இடது பக்கக் கோரைப்பல் முறிந்த பன்றி அது. அந்த முகத்தை அவர் மறக்கவில்லை.

பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து, சுடுவதற்கு உத்தரவு வாங்கினார். அப்பா காலத்துத் துப்பாக்கி உரிமம் அவர் பெயருக்கு மாறியிருந்தது. இனி வாங்க வேண்டியது துப்பாக்கிதான். நாலு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தார். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறையக் குறிப்பெடுத்தார். அதோடு மலையிறங்கி எஸ்தர் ராணியைப் பார்க்கப் போனார்.

எஸ்தர் ராணிக்கு நகரத்தில் துப்பாக்கி விற்று, பழுதும் பார்க்கிற கடை. வாரத்தில் இரண்டு நாள் ரைபிள் கிளப்பில் சுடச் சொல்லிக்கொடுப்பார். வயது முப்பத்தொன்பதுதான். ஆனாலும் தலை நரைத்தவர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டைச்சாமியும் படித்துக்கொண்டிருந்த அதே நாலு மாதமாக அவரிடம் சுடக் கற்றுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரே கேள்விதான். பன்னிக்கு எந்த ரைபிள்? எந்தத் தோட்டா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணே?"

அவர் நோட்டைப் பிரித்தார். "பன்னெண்டு போர் துப்பாக்கில எஸ்.ஜி. குண்டு போட்டா கிட்டத்துல சரி. அம்பது கஜம் தாண்டிட்டா காயம்தான் படும், சாகாது. காயம்பட்ட பன்னி ஆளைத் தேடி வரும். அதனால ரைபிள். த்ரீ ஒன் ஃபைவா, தேர்ட்டி நாட் சிக்ஸான்னுதான் குழப்பம். நாட் சிக்ஸுக்கு வேகம் ஜாஸ்தி. ஒரே அடியில விழுந்துரும்ல?"

"விழும்."

"அப்ப அதுவே எடுத்துரட்டா?"

"ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனார். மைதானத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நின்றன. அவற்றுக்குப் பின்னால் உயரமான மண்மேடு. எஸ்தர் த்ரீ ஒன் ஃபைவில் ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டார். முழுக்கச் செம்பு உறை போட்ட தோட்டா. ஐந்து கேனிலும் தண்ணீர் பீறிட்டது.

"தோட்டா எங்கே?" என்றார் எஸ்தர்.

கோட்டைச்சாமி ஐந்தாவது கேனைப் பார்த்தார். அதிலும் இந்தப் பக்கம் ஓர் ஓட்டை, அந்தப் பக்கம் ஓர் ஓட்டை. "மேட்டுக்குள்ள போயிருச்சு."

வேறு ஐந்து கேன்களை வைத்தார்கள். இந்த முறை முனையில் ஈயம் தெரிகிற தோட்டா. முதல் கேன் வெடித்துப் பிளந்தது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதில் ஓர் ஓட்டைதான் இருந்தது. அதன் அடியில், காளான் போல விரிந்து கிடந்தது தோட்டா.

கோட்டைச்சாமிக்கு முகம் மலர்ந்தது. "புரிஞ்சிருச்சு மாஸ்டர். ஈயமுனைத் தோட்டா. த்ரீ ஒன் ஃபைவே போதும்."

"குறி தப்பிப் போனா?"

"என்னது?"

"பன்னி மேல படாம, பக்கத்துல போயிருச்சு. அந்தத் தோட்டா எந்தக் கேன்ல நிக்கும்?"

அவர் திரும்பி மண்மேட்டைப் பார்த்தார். எஸ்தர் துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டார்.

"நாளைக்கு உங்க தோட்டத்துக்கு வர்றேன். பன்னெண்டு குச்சி வெட்டி, சிவப்புத் துணி கட்டி வைங்க."

மறுநாள் காலை எஸ்தர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் துப்பாக்கி இல்லை. பாக்கியத்தாய் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து காப்பி கொடுத்தாள்.

"பன்னி எங்கெங்க வந்து நின்னா உங்களால சுட முடியும்னு நினைக்கிறீங்களோ, அங்கெல்லாம் ஒரு குச்சி நடுங்க" என்றார் எஸ்தர்.

கோட்டைச்சாமிக்குப் பன்றி வரும் தடமெல்லாம் அத்துப்படி. அரைமணி நேரத்தில் பன்னிரண்டையும் நட்டு முடித்தார்.

எஸ்தர் முதல் குச்சியிடம் போய், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் குனிந்து, கைகளைத் தரையில் ஊன்றி நின்றார். "நான்தான் பன்னி. நீங்க எங்கே நின்னு சுடுவீங்களோ அங்கே போய் நில்லுங்க."

கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. போய் நின்றார்.

"எனக்குப் பின்னால என்ன?"

"பின்னால... வேலி. அதுக்கும் பின்னால சவரியப்பன் வீட்டுக் கொட்டகை."

எஸ்தர் குச்சியைப் பிடுங்கினார். இரண்டாவதுக்குப் போனார்.

"எனக்குப் பின்னால என்ன?"

"ஒண்ணும் இல்ல. வானம்தான்."

பிடுங்கினார்.

"எனக்குப் பின்னால என்ன?"

"தெரியல மாஸ்டர். செடி மறைக்குது."

பிடுங்கினார்.

மூன்று மணி நேரம் இப்படியே போனது. ஆறாவது குச்சிக்குப் பிறகு கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவதுக்குப் பிறகு எரிச்சல் வந்தது. பாக்கியத்தாய் விழுந்து கிடந்த இடத்தில் நட்ட குச்சியையும் எஸ்தர் பிடுங்கியபோது கோட்டைச்சாமியின் குரல் உயர்ந்துவிட்டது.

"இதை விடுங்க மாஸ்டர்! இங்கேதான் என் பொண்டாட்டியக் கிழிச்சது. இங்கே வந்து நின்னா நான் சுடாம இருக்கவா?"

"எனக்குப் பின்னால என்ன அண்ணே?"

அவர் பார்த்தார். மேட்டின் விளிம்பு. அதற்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில் வளைந்து வரும் எஸ்டேட் சாலை.

எஸ்தர் சேற்றுக் கையோடு எழுந்து நின்றார். நாலு ஏக்கரில் இரண்டே இரண்டு குச்சிகள் மிஞ்சியிருந்தன. இரண்டும் மலையை வெட்டி எடுத்த மண்சுவருக்கு முன்னால்.

"இப்ப வாங்க. ரைபிள் வாங்கலாம்" என்றார்.

த்ரீ ஒன் ஃபைவ் வாங்கினார். ஈயமுனைத் தோட்டா பத்து வாங்கினார். மண்சுவருக்கு எதிரே, பாறை மறைவில் தினமும் விடியலில் உட்கார்ந்தார். எட்டு நாள் பன்றி வரவில்லை.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. ஆறரை மணி. மலை முழுக்க மூடுபனி. எதிரே மண்சுவர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. இடப்பக்கம், மேட்டின் விளிம்பில், கிழங்கை நறநறவென்று மெல்லும் சத்தம்.

மெல்லத் திரும்பினார்.

இருபத்தைந்து அடி. பக்கவாட்டில் நின்றது. விலாவும் தோளும் முழுசாகத் தெரிந்தன. தலையைத் தூக்கியது. இடது கோரைப்பல் இல்லை.

ரைபிளைத் தோளில் வைத்தார். பாதுகாப்புப் பூட்டை விடுவித்தார். குறிமுனை பன்றியின் தோளுக்குப் பின்னால் போய் அசையாமல் நின்றது. கிளப்பில்கூட அவர் கை அப்படி உறுதியாக இருந்ததில்லை. பாக்கியத்தாய் அன்று போட்ட கூச்சல் காதில் கேட்டது. விரல் விசையில் படிந்தது.

பின்னால என்ன?

வெறும் வெள்ளைப் பனி. ஒரு சத்தமும் இல்லை. வண்டி வந்தால் இஞ்சின் சத்தம் கேட்குமே என்று மனசு வாதாடியது. சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை, சுடு, சுடு என்றது.

ஆனாலும் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்றி அவரைப் பார்த்துக்கொண்டே மென்றது. அவர் விரலை எடுத்தார். அப்படி எடுப்பதற்கு உடம்பின் பலம் முழுவதும் தேவைப்பட்டது. பன்றி உறுமிவிட்டு விளிம்பைத் தாண்டிப் பனிக்குள் குதித்தது.

அடுத்த நொடி பனிக்குள்ளிருந்து பெண்களின் அலறல்.

ரைபிளைப் பூட்டிக்கொண்டு ஓடினார். சாலையில் எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றிருந்தது. டயர் பஞ்சர். இஞ்சினை நிறுத்திவிட்டு டிரைவர் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் கீழே இறங்கிக் குளிருக்கு முக்காடு போட்டபடி வரிசையாக நின்றிருந்திருக்கிறார்கள். பன்றி நடுவில் புகுந்ததும் ஜீப்பில் ஆளுக்கொரு பக்கம் ஏறிக்கொண்டு, இப்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே! உங்க பன்னி எங்க காலுக்குள்ள பூந்து போகுது. துப்பாக்கிய வச்சுக்கிட்டு வேடிக்கையா பார்த்தீங்க?" என்றாள் ஊர்க்காரி ஒச்சம்மா, ஜீப்பின் பின்படியில் தொற்றியபடி.

கோட்டைச்சாமி அவர்களை எண்ணினார். பதினொன்று. டிரைவரோடு பன்னிரண்டு. நம்பாமல் மறுபடியும் எண்ணினார். பன்னிரண்டு. சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? பன்னி முட்டிருச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் ஆகல. ஒண்ணுமே ஆகல." அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒச்சம்மா தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தார். அவ்வளவு ருசியான டீயை அவர் குடித்ததில்லை. ரைபிளிலிருந்து தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டார்.

வீட்டில் பாக்கியத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாக்கியத்தாய் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒச்சம்மா மகளுக்கு வர்ற ஆவணியில கல்யாணம்ங்க" என்றாள் பிறகு. "நேத்துதான் பத்திரிகை வச்சிட்டுப் போனா."

அன்று பகலில் கோட்டைச்சாமி நாலு மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பனி இல்லை. ஏழு மணிக்குப் பன்றி மண்சுவருக்கு முன்னால் வந்து நின்று மண்ணைக் கிளறியது. கோட்டைச்சாமி அதற்குப் பின்னால் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். ஒரே தோட்டா. இருந்த இடத்திலேயே விழுந்தது.

பஞ்சாயத்து ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். சேதி கேட்டு எஸ்தரும் வந்தார். திங்கட்கிழமை நடந்ததைக் கோட்டைச்சாமி அவரிடம் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சுற்றி நின்றவர்கள் ரைபிளை வாங்கிப் பார்த்தார்கள். "என்ன மாடல்?", "என்ன தோட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோட்டைச்சாமி பொறுமையாகச் சொன்னார்.

கூட்டம் விலகியதும் குழியருகே எஸ்தரிடம் வந்தார். பன்றியின் இடது பக்க வாயைக் காட்டினார்.

"இவனேதான் மாஸ்டர். திங்கக்கிழமை தப்பிச்சவன்."

எஸ்தர் பன்றியைப் பார்க்கவில்லை. கோட்டைச்சாமியின் முகத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை தப்பிச்சது இவனா அண்ணே?"