திரும்பி வரக்கூடாத பெட்டி

ஒரு ஊர்ல ஒரு கோமு இருந்தா. சங்கரன்கோவில்ல பொறந்த பொண்ணுதான், ஆனா நான் சொல்ற ஊரு டென்மார்க். வாயைத் திறந்தா பல்லு கூசும், அப்படி ஒரு குளிரு. போர்வையை இழுத்துப் போத்திக்கோ, அப்பத்தான் சொல்லுவேன். போத்திட்டியா? ம் கொட்டணும், சரியா? உன் ம் நின்னா என் கதையும் நின்னுடும்.

கோமுவுக்கு ஒரே ஒரு தங்கச்சி, சங்கரி. அவ இருந்தது இன்னும் வடக்கே, கடலுக்கு நடுவுல, ஐஸ்லாந்துங்கிற தீவு நாட்டுல. சங்கரிக்குக் குழந்தை பொறந்து ஒரு மாசம். அவ புருஷனுக்கு மீன்பிடிக் கப்பல்ல வேலை, மாசத்துல பாதி நாள் கடல்லதான். அந்தக் குழந்தையோ, பகல்ல தூங்கும், விளக்கை அணைச்சா போதும், "ஙேஏஏ... ஙேஏஏ..."ன்னு விடியவிடிய கத்தும். ஒருநாள் போன்ல சங்கரி அழுதுட்டா. "அக்கா, எனக்கு மருந்து வேண்டாம், லேகியம் வேண்டாம். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி முழுசா தூங்கணும். நீ வருவியா?"

கோமு யோசிக்கவே இல்ல. "வரேன்டி, இந்தா வரேன்!"னுட்டா.

வரேன்னு சொல்லிட்டா ஆச்சா? எப்படிப் போறது? கோமுவுக்கு அப்பத்தான் காதுல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. மூணு மாசம் விமானத்துல ஏறவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டாரு. அப்போ மிச்சம் என்ன? கப்பல்தான். காரோட உள்ள ஏறிக்கலாம், ரெண்டு ராத்திரி கடல்ல ஆடிக்கிட்டே போனா ஐஸ்லாந்து. அவ புருஷன் ஆவுடையப்பன் உடனே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, டொக்கு டொக்குன்னு தட்டி, ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டாரு.

"கோமு, வாரத்துக்கு ஒரே கப்பல்தான். வர்ற செவ்வாய்க்கிழமை. அதை விட்டா புயல் காலம், அடுத்தது எப்போன்னு அவங்களுக்கே தெரியாதாம்."

"செவ்வாய்க்கிழமையா!" கோமு ஓடிப்போய் சுவத்துல மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தா. ஊர்லேருந்து வரவழைச்சது. பார்த்தவ தலையில கை வச்சுக்கிட்டா. "ஏங்க, செவ்வாய் வடக்கே சூலம்! நாம போறதே வடக்கே!"

"பால் குடிச்சுட்டுக் கிளம்பினா பரிகாரம்னு அதுலயே போட்டிருக்கே."

"பாலும் குடிப்போம். பச்சக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போறோம், நான் எதையும் விடமாட்டேன். பரஸ்தானமும் வச்சுடுறேன்."

பரஸ்தானம்னா என்ன? ம், நல்ல கேள்வி. போற நாள் சரியில்லன்னா, முந்தின நாளே நல்ல நேரத்துல ஒரு பெட்டியை மட்டும் வீட்டை விட்டு வெளியே அனுப்பி, பக்கத்து வீட்டுல வச்சுடுறது. பெட்டி கிளம்பிட்டா நாமளே கிளம்பிட்ட மாதிரி. ஆனா ஒண்ணு, போன பெட்டி திரும்ப நம்ம வாசப்படி ஏறக்கூடாது. ஏறினா பயணமே திரும்பிட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் கோமு மூட்டை கட்டினா பாரு! சுக்கு, மிளகு, ஓமம், கருப்பட்டி, பூண்டு, நல்லெண்ணெய். கார் பின்பக்கம் அப்படியே உக்காந்துடுச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, நல்ல நேரத்துல, ஒரு சின்ன நீலப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டு வாசல்ல வச்சா. கப்பல் கம்பெனிச் சீட்டு அதுல தொங்குது. உள்ள என்ன தெரியுமா? டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும்! முக்கியமானதுதானே முதல்ல கிளம்பணும்னு அவ கணக்கு. புத்திசாலியாம்.

அந்தப் பக்கத்து வீட்டுல ஹென்ரிக்னு ஒரு தாத்தா. நாப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. ஓய்வு வாங்கியும் ஸ்டியரிங் பிடிக்காம கை அரிக்குதுன்னு ஒரு பழைய வேன் வச்சிருந்தாரு. கோமு போனப்போ அவரு வீட்டுல இல்ல. ஆறு மணிக்கு வந்து பார்க்கிறாரு, வாசல்ல பெட்டி! அடடா, பக்கத்து வீட்டுப் பொண்ணு மறந்துட்டாளேன்னு தூக்கிட்டு வந்தாரு.

டிங் டாங்!

கோமு கதவைத் திறந்தா. பெட்டி! தாத்தா ஒரு காலைப் படியில வச்சுட்டாரு. "ஐயோ நோ, நோ, நோ!"ன்னு கோமு ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சா. படார்! கதவைச் சாத்திட்டா. தாத்தா திருதிருன்னு முழிச்சுக்கிட்டே திரும்பிப் போயிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு, டிங் டாங்! பயந்துட்டா போலன்னு இந்தத் தடவை சிரிச்ச முகத்தோட நிக்கிறாரு. கோமு வெளியே வந்து, பெட்டியை வெடுக்குன்னு பிடுங்கி, தானே விடுவிடுன்னு நடந்து போய் அவரு வாசல்லயே வச்சுட்டு வந்துட்டா.

ம் சொல்லு. தூங்கிட்டியா? இல்லையா? சரி.

ராத்திரி எட்டு மணிக்கு மூணாவது தடவை. டிங்... டாங். தாத்தா இப்போ படியே ஏறலை. தெருவுலயே நின்னு, ஒரு கையில பெட்டி, இன்னொரு கையை விரிச்சு, "அப்போ எங்கதான்மா போகணும் இது?"ங்கிற மாதிரி கேக்குறாரு. கோமுவுக்கு டேனிஷ் வராது, அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆவுடையப்பனும் அங்க இல்ல, காருக்குப் பனி டயர் மாட்டப் போயிட்டாரு. கோமு வடக்கே கையை நீட்டி, "ஷிப்! ஷிப்! போ, போ!"ன்னு விரட்டிட்டா. தாத்தா சீட்டைப் பார்த்தாரு, வடக்கே பார்த்தாரு, மெதுவா தலையாட்டிட்டுப் போனாரு. அப்பாடா, ஒருவழியா புரிஞ்சுதுன்னு கோமு புளியோதரை கிளறப் போயிட்டா.

விடிஞ்சுது. பால் குடிச்சாச்சு. பெட்டியை எடுக்கப் போனா, பெட்டியும் இல்ல, தாத்தாவும் இல்ல, வேனும் இல்ல!

ஆவுடையப்பன் பதறிட்டாரு. "பாஸ்போர்ட்டை எதுக்கு அதுல வச்ச கோமு? வா, போலீசுக்குப் போவோம்."

கோமுவுக்குச் சங்கரியோட அழுகைதான் காதுக்குள்ள கேட்டுது. கார் சாவியை எடுத்து அவரு கையில கொடுத்தா. அப்புறம் சொன்னா: "போலீசுக்குப் போனா கப்பல் போயிடும். வடக்கே காட்டினது என் கைதானேங்க? அந்த மனுஷன் மூணு தடவை வந்து கேட்டாரு. திருடுறவன் மணி அடிச்சுட்டா திருடுவான்? வண்டியை எடுங்க."

சர்ர்ர்ருன்னு வடக்கே மூணு மணி நேரம். துறைமுகத்துல காத்து ஊய் ஊய்னு ஆளையே தள்ளுது. மலை மாதிரி வெள்ளைக் கப்பல். நுழையுற இடத்துல, காது சிவந்து, மூக்கு சிவந்து, நீலப் பெட்டியை மார்போட கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஹென்ரிக் தாத்தா!

கோமு ஓடினா. அவ வர்றதைப் பார்த்ததும் தாத்தா படக்குன்னு கப்பல் பக்கமா நகர்ந்துட்டாரு. பெட்டியைத் தரவே இல்ல! நேத்து வாங்கினது போதும்னு பயம். அவ கூடவே நடந்து, டிக்கெட் பார்க்கிற மேஜைக்குப் போய், அங்கதான் பெட்டியை இறக்கி வச்சு ஏதோ சொன்னாரு.

"என்னங்க சொல்றாரு?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. "உங்க வீட்டுல பெட்டி பின்னாடி போகக்கூடாதுன்னு ராத்திரி பூரா யோசிச்சுக் கண்டுபிடிச்சாராம். ஒரு அடிகூடப் பின்னாடி விடலைங்கிறாரு."

கோமுவுக்கு வெக்கமா போச்சு. கையெடுத்துக் கும்பிட்டா. புளியோதரைப் பொட்டலத்தை அவரு கையில திணிச்சா. அவரு ஒரு வாய் போட்டு, "உஸ்ஸ்... ஹா... ஹா!"ன்னு குதிச்சாரு. குதிச்சுக்கிட்டே மறுபடியும் ஒரு வாய்! அப்போ கப்பல் பூஊஊஊம்னு ஊதிச்சு.

ரெண்டு ராத்திரி கப்பல் இப்படி ஆடி, அப்படி ஆடி, மூணாம் நாள் காலையில ஐஸ்லாந்து. அங்கேருந்து பனி ரோட்டுல பையப் பையப் போய்ச் சேரும்போது இருட்டிடுச்சு. சங்கரி கதவைத் திறந்தா. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு. "அக்கா"ன்னா, அவ்வளவுதான். குழந்தையை அக்கா கையில கொடுத்துட்டு அங்கேயே சோபாவுல சாஞ்சுட்டா.

குழந்தை வழக்கம்போல "ஙேஏஏ"ன்னுச்சு. கோமு மடியில போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா. ராத்திரி பூரா அது கத்திச்சு, ராத்திரி பூரா அவளும் தட்டினா. சங்கரி ஒரு தடவைகூட அசையலை. வெளியே பனி கொட்டுது, விடிஞ்சுது, வெயிலும் வந்துது, அவ இன்னும் தூங்கிக்கிட்டே இருந்தா.

ம் சொல்லு.

...ம்?

சரி, கதையும் கரை சேர்ந்துடுச்சு. தூங்குடா கண்ணு, நான் முழிச்சிருக்கேன்.