கிணற்றடி விசாரணை

மடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டார் நாச்சிமுத்து. பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். மனுஷன் நிலை அப்படி.

நூல் மில்லில் புதிதாக வந்த மெஷினின் மோட்டார் கருகிப்போயிற்று. ஆயுத பூஜைக்கு மறுநாள் அதற்கு சுவிட்ச் போட்டவர் நாச்சிமுத்து. போதாதா? புது மெஷின் வந்தால் ஆளைக் குறைப்பார்கள் என்று முன்பு சத்தம் போட்டவரும் அவர்தான். வேண்டுமென்றே கெடுத்தார் என்று மேனேஜர் மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாளைக்கு விசாரணை. வேலை போனால் இந்த வயதில் எந்த மில் வாசலில் போய் நிற்பது?

மடத்துச் சாமி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வயதில் இளையவர். நாச்சிமுத்துவை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, நான் ஒரு பாவமும் அறியலைங்க. இது சென்னியப்பன் வேலை."

"பார்த்தீங்களா?"

"பார்க்க வேற வேணுமுங்களா? கூடவே வேலை பார்க்கிறவன். நான் மெமோ வாங்கிட்டு வர்றப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டான்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நானும் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு அவமானமா இருந்துச்சுங்க."

சாமி சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"சூப்பர்வைசருக்கும் இதுல பங்கு இருக்கும். என் காசுல டீ குடிச்ச ஆளு, இப்ப போனையே எடுக்க மாட்டேங்கிறான்."

சாமி அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தார். நாச்சிமுத்துவுக்கு அதுவும் உறுத்தியது. மடத்துக்கு மாசாமாசம் அரிசி எங்கிருந்து வருகிறது? மில்லிலிருந்துதானே? அடடா, இது எப்படி இத்தனை நேரம் தோன்றாமல் போயிற்று!

"ஏனுங்க சாமி, நீங்களும் அவங்க பக்கமா?"

"அரிசி நல்ல அரிசிதாண்ணா," என்றார் சாமி. "தண்ணி இழுங்க. உலை வைக்கணும்."

நாச்சிமுத்துவின் முகம் சுருங்கிப்போயிற்று. கேட்டிருக்க வேண்டாம்தான். வாளியைக் கிணற்றுக்குள் விட்டுக் கயிற்றை இழுத்தார். ராட்டினம் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"பாருங்க! ஆரோ வேணும்னே பண்ணியிருக்கான். பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு இந்தக் கிணத்து மேல எப்பவுமே ஒரு கண்ணு."

கைப்பிடிச் சுவரில் ஏறி ராட்டினத்தைத் தடவிப் பார்த்தார். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் காய்ந்துபோன வாழைநார் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதில் கருகின சாமந்தி ரெண்டு.

"மாலையைக் கொண்டாந்து இதுல ஆருங்க கட்டினது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. பார்க்க அழகா இருந்துச்சு, அவுக்க மனசு வரலை."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. நாரை முழுக்கப் பிய்த்து எடுத்தவர் சட்டென்று நின்றார்.

"சாமி! மேனேஜர்!"

"அவருக்கு என்ன?"

"புது மெஷினுக்கு ஆளுயர மாலை போட்டது அவருதானுங்க. மோட்டார் மேலேயே தொங்குச்சு. மறுநாள் காலையில கூட்டுறவங்க கழட்டினாங்க. நார் அறுந்து உள்ளே விழுந்திருக்கும். அதான் மோட்டார் சிக்கிக் கருகியிருக்கு!" சுவரிலிருந்து குதித்தே இறங்கினார். "நாளைக்கு எல்லார் முன்னாலயும் கேக்கறேன். கெடுத்தது நானா, அவரான்னு!"

"நார் விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க. ஆனா அப்படித்தான் இருக்கும்."

"நீங்க கெடுத்ததை அவர் பார்த்தாராமா?"

"இல்லைங்க. அவரும் அப்படித்தான் இருக்கும்னு..."

நாச்சிமுத்து பாதியில் நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த நாரைக் கீழே போட்டார்.

"கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க, கேப்போம்," என்றார் சாமி.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "பூஜைக்கு மோட்டார் மேல மாலை தொங்குச்சு. காலையில கழட்டினாங்க. நான் சுவிட்சைப் போட்டேன். புகை வந்துச்சு. உடனே நிறுத்திட்டேன். நான் கெடுக்கலை. மோட்டாரைத் திறந்து பாருங்க."

"சென்னியப்பன்?"

"அவனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"மேனேஜர்?"

நாச்சிமுத்து கீழே கிடந்த நாரைப் பார்த்தார். "மாலை போட்டாரு. அவ்வளவுதானுங்க."

சாமி தலையை ஆட்டினார். நாச்சிமுத்து கயிற்றைப் பிடித்தார். ராட்டினம் தாராளமாக உருண்டது. வாளி பாதி ஏறியிருக்கும், பிடித்த கை நின்றுவிட்டது. பழைய பயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

"சாமி, அவங்க முன்னாடியே நாரை எடுத்து ஒளிச்சிருந்தா? திறக்கறப்ப உள்ளே ஒண்ணுமே இல்லைன்னா என் கதி?"

சாமி தேய்த்த பாத்திரங்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நார் கிடைச்சாத்தான் நீங்க கெடுக்கலைன்னு ஆகுமாண்ணா?"