நாய் சைக்கிளைத் துரத்துவது எதற்கு

அந்தக் காலத்தில் சக்கரங்களுக்கும் பேச்சு இருந்தது, நாய்களுக்கும் இருந்தது. ஒரு நகரத்தில் சாலையோரமாகப் பச்சைச் சாயம் அடித்து, சைக்கிள்களுக்கென்றே தனிப்பாதை விட்டிருந்தார்கள். அதன் வாசலில் ஒரு சங்கிலி. காவலுக்குச் செவலை என்ற பெட்டை நாய். வருகிற ஒவ்வொரு சக்கரத்தையும் அவள் முகர்ந்து பார்ப்பாள். பெட்ரோல் வாடை அடித்தால் உள்ளே விடமாட்டாள். அவளுடைய நான்கு குட்டிகளும் அந்தப் பாதையோரத்தில்தான் தூங்கின. மற்ற தெருவெல்லாம் லாரியும் காரும். வேறெங்கே தூங்க வைப்பாள்?

ஒருநாள் மத்தியானம் ஒரு மொபெட் வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை மட்டும் சுழற்றிக்கொண்டு, ரொம்ப அடக்கமாக வந்தது. அந்த அடக்கம்தான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

"தம்பி, என்னைத் தெரியலையா? உன் பெரியப்பா மகன். இங்கே பாரு, எனக்கும் பெடல் இருக்கு," என்றது, சைக்கிள்களில் மூத்ததாய் வாசலருகே நின்ற சைக்கிளிடம்.

செவலை மூக்கை நீட்டினாள். "அண்ணே, வாடை அடிக்குது. நம்பாதீங்க."

"உனக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். சொந்தக்காரனை வாசல்ல நிக்க வெச்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றது சைக்கிள்.

"நாலு பேர் கிடக்கட்டும். என் நாலு குட்டி உள்ளே தூங்குதுண்ணே!"

சைக்கிள் கேட்கவில்லை. தன் முன்சக்கரத்தாலேயே சங்கிலியைத் தள்ளிவிட்டது.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? மொபெட்டின் மச்சான் என்று ஸ்கூட்டர் வந்தது. ஸ்கூட்டருக்குத் தெரிந்தவன் என்று ஆட்டோ வந்தது. சாயங்காலம், எந்த உறவும் சொல்லாமல் ஒரு கார் வந்து, குட்டிகள் படுத்திருந்த இடத்திலேயே நின்றது. செவலையால் மூன்று குட்டிகளைத்தான் வாயில் கவ்வி வெளியே கொண்டுவர முடிந்தது.

அவள் நேராகச் சைக்கிளிடம் போனாள். "ஏண்ணே திறந்து விட்டீங்க?"

சைக்கிள் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டது. வெட்கம் தாங்காமல் பெரிய சாலையில் இறங்கி ஓடியது. செவலை கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அன்று முதல்தான் சைக்கிள் லாரிகளுக்கு நடுவே பயந்து பயந்து ஓடுகிறது, நாயும் அதைத் துரத்துகிறது. ஓட்டுகிறவர் காலை ஊன்றி நின்றால் நாயும் நின்றுவிடும், கவனித்திருக்கிறீர்களா? பதில் வரப்போகிறது என்று நினைத்துத்தான் அது நிற்கிறது. இதுவரை எந்தச் சைக்கிளும் சொன்னதில்லை.