மரநாய் கவிழ்த்த குடுவை

மிருகங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பனங்காட்டில் குரங்குகள்தான் பாளை சீவி, சுரைக்குடுவை கட்டிக் கள் இறக்கும். இறக்கியதும் யாரும் வாய் வைத்துவிடக் கூடாது. மரநாய் முதல் மடக்குக் குடித்து, ருசி இன்னதென்று சொல்ல வேண்டும். 'நுங்குத் தோல் வாசம், தொண்டையில் லேசாகப் புளிக்கும்' என்று அது சொன்னால் அப்படியேதான் இருக்கும். உவர்மண் பனைக்கு ஒரு சொல், ஓடைக்கரைப் பனைக்கு ஒரு சொல் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தது.

இடையில் வந்து சேர்ந்தது மயில். ஒரு சொட்டுக் குடிக்காது. தோகையை விரித்துக்கொண்டு நின்று, மரநாய் சொன்ன சொற்களையே எடுத்துக் கண்ட குடுவைக்கெல்லாம் அள்ளி விடும். கேட்ட மிருகங்களும் மனிதர்களும் குடிக்கும் முன்பே கிறங்கிப் போனார்கள். மரநாய்க்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கழுவாத குடுவையில் இறக்கிய கள் கெட்டுப்போயிருந்தது. மரநாய் துப்பிவிட்டு, "இது ஊசிப்போச்சு, கீழ ஊத்துங்க" என்றது.

"ஊசலெல்லாம் இல்ல. இது முதிர்ந்த மணம். ரசனை உள்ளவங்களுக்குத்தான் புரியும்" என்றது மயில்.

ரசனை கெட்டவன் என்று பேர் வாங்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் குடித்தார்கள். மரநாயின் தங்கையும் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவள் எழுந்திருக்கவே இல்லை. மயில் வந்து எட்டிப் பார்த்து, பாவம், அவளுக்குக் குடிக்கத் தெரியவில்லை என்றது. அந்த வாயை என்னவென்று சொல்வது?

மரநாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதே குடுவையை எல்லோர் முன்னாலும் தூக்கி வந்து, தான் கண்டுபிடித்த சொற்களை ஒவ்வொன்றாக அதற்குள் சொல்லி முடித்தது.

"குடிச்சுப் பாத்துச் சொன்னா உங்க காதுல ஏறல. குடிக்காதவன் சொன்னா ஏறுது. உங்களுக்கு இந்தச் சொல்லெல்லாம் எதுக்கு?"

கேட்டுவிட்டுக் குடுவையைக் கவிழ்த்தது. ஒரு சொல் மிச்சமில்லாமல் மண் உறிஞ்சிக்கொண்டது. மயில் பதறிப்போய் எதையோ புகழ வாய் திறந்தது. வெறும் அலறல்தான் வந்தது.

மரநாய் யாரோடும் சேராமல் தனியே பனையேறிக் குடிப்பது அதன் பிறகுதான். கள்ளோ பிராந்தியோ, ஒரு மடக்கு உள்ளே போனதும் மனிதர்கள் முகத்தைச் சுளித்து, சொல்லைத் தேடி நாக்கைச் சப்புக்கொட்டி, ஒன்றும் அகப்படாமல் 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்வதும் அன்று முதல்தான்.